அப்பா நன்றாக நடக்கிறார்

1

"நேசா, அப்பா இன்னிக்குக் காலையில நல்லா நடந்திருக்காரே!"

"அப்படியா?"

"என்ன அப்படியா? பக்கத்துல இருக்கறது நீயா, நானா?"

"நீதான் பெனி. உனக்குத்தான் எல்லாம் தெரியுது."

"கிண்டலா? நேத்தைவிட இன்னிக்கு அதிகம். கடற்கரை வரைக்கும் போயிட்டு வந்த மாதிரி காட்டுது."

"போயிருப்பார்."

இந்தக் கதை இந்தப் பேச்சிலிருந்துதான் பிறந்தது. ஆக்லாந்தில் என் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பெனி என்கிற பெனியாமினாவின் வீடு. போனைக் காதில் வைத்துப் பேசும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. உள்ளங்கையில் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு தெருவுக்கே ஒலிபரப்புவான். சமோவாவில், சவாயி தீவில் இருக்கும் அவன் தங்கை நேசா என்கிற எபெனேசாவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் குரல் எனக்குப் பல வருடப் பழக்கம். இதில் பாதி காதால் கேட்டது, பாதி நான் கட்டியது. எது எந்தப் பாதி என்று துருவ வேண்டாம். துருவுவதற்குத்தான் இப்போது கருவிகள் வந்துவிட்டனவே.

2

தொடக்கம் ஒன்று: 'நீலக் கடலும் தென்னை மரங்களும் சூழ்ந்த அந்த அழகிய தீவில்—'

அடித்துவிட்டேன். சுற்றுலா விளம்பரம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

தொடக்கம் இரண்டு: 'தொழில்நுட்பம் மனிதர்களை நெருங்க வைத்திருக்கும் இந்தக் காலத்தில்—'

இதை அடித்த வேகத்தில் தாளே கிழிந்தது.

தொடக்கம் மூன்றில் ஒரு பன்றி வந்தது. அப்பாவுக்கு அனுப்பிய கைக்கடிகாரத்தை யாரோ வீட்டுப் பன்றியின் காலில் கட்டிவிடுகிறார்கள். பன்றி ஊர் சுற்றுகிறது. அப்பா ஓடியாடித் திரிகிறார் என்று ஆக்லாந்தில் மகன் பூரித்துப்போகிறான். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் பன்றியை அடிக்கிறார்கள். அங்கே இதயத் துடிப்பு நின்றதும் மகன் அலறுகிறான்.

ஒரு வாரம் நானே எழுதி நானே சிரித்தேன். அப்புறம் பார்த்தால் அத்தனை பக்கத்தில் நேசா எங்குமே இல்லை. தீ மூட்டினாள், இலை பறித்தாள், பரிமாறினாள், அவ்வளவுதான். ஒரு பன்றிக்குக் கொடுத்த இடத்தை அவளுக்குக் கொடுக்காத கதையை நான் ஏன் எழுத வேண்டும்? (பன்றிக் கதைதான் வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கான முடிவு கிடைத்துவிட்டது.)

3

சரி, நேராகச் சொல்கிறேன்.

அப்பா மாத்தாயோவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வார்த்தை குழறியது, திட்டு மட்டும் குழறவில்லை. வீட்டுக்கு முன்னால் இருக்கும் திறந்த கூடத்தில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்து அங்கேயே படுத்திருந்தார். சுற்றிலும் தூண்கள், மேலே கூரை. சுவர் கிடையாது. மழை வந்தால் ஓலைத் தட்டியை இறக்க வேண்டும். காற்றும் கோழியும் ஊர்க்காரர்களும் எந்தப் பக்கமாகவும் வரலாம்.

அந்தக் கூடத்துக்குப் பெனி ஒரு பெட்டி அனுப்பினான். அதிலிருந்து முதலில் வெளியே வந்தவை, கதவு திறந்தால் சொல்லும் கருவிகள்.

நேசா அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தூண்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதை எங்க ஒட்டறது பெனி?"

"கதவுல."

"எந்தக் கதவுல?"

அவன் தவழ்ந்ததும் நடந்ததும் அடிவாங்கியதும் அந்தக் கூடத்தில்தான்.

"சரி, ஏதாவது ஒரு தூண்ல ஒட்டு."

ஒட்டினாள். அன்றிலிருந்து பெனியின் போன் 'கதவு திறந்திருக்கிறது, கதவு திறந்திருக்கிறது' என்று கத்திக்கொண்டே இருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு அவனே அதன் வாயை அடைத்தான்.

அடுத்தது புகை வந்தால் அலறும் கருவி. ஞாயிறுதோறும் கல்லைச் சூடாக்கி உணவை மூடி வேகவைக்கும் வீட்டில் அது என்ன பாடு பட்டிருக்கும் என்பதை உங்களிடமே விடுகிறேன். பிறகு கேமரா. "நான் மூத்திரம் போறதை ஆக்லாந்துல உக்காந்து பாக்கணுமா அவன்? துணியைப் போட்டு மூடு" என்றார் மாத்தாயோ. துணிக்கு அடியில் ஒரு பல்லி குடியேறியது. "ஒரு பல்லி மட்டும் தெரியுது நேசா" என்று பெனி சொன்னபோது, "நல்லா இருக்கா அது?" என்று கேட்டாள். பழைய போன் ஒன்றைக் கட்டில் காலில் கட்டச் சொன்னான். அப்பா புரண்டால் அது அதிர்வை உணருமாம்.*

கடைசியாக, கைக்கடிகாரம்.

"என்ன இது, கோழிக்கால்ல கட்டற வளையம் மாதிரி?"

"நாடி பாக்குமாம்ப்பா. தூக்கம் பாக்குமாம். நடை பாக்குமாம்."

"யாரோட நடை?"

மாத்தாயோ நல்ல கையால் அதைத் தூக்கி எறிந்தார். கடிகாரம் யார் கையிலும் இல்லை என்று பெனியின் போன் அவனிடம் புகார் சொன்னது. அவன் நேசாவிடம் புகார் சொன்னான். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, சாயங்கால ஜெபத்துக்கு நடுவில் ஒருமுறை.

"நீயே கட்டிக்கடி" என்றார் மாத்தாயோ. "அவனுக்கு ஏதோ ஒண்ணு துடிச்சாப் போதும்."

தொல்லை நிற்கட்டும் என்றுதான் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலை வந்த அழைப்பைத்தான் நீங்கள் மேலே படித்தீர்கள். உண்மையைச் சொல்லிவிட வாய் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் பெனியின் பிள்ளைகள், "தாத்தா நடக்கறார்! தாத்தா நடக்கறார்!" என்று குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த ஞாயிறு ஆக்லாந்துத் தேவாலயத்தில் போதகர் அதை அறிவித்தார். கூட்டம் எழுந்து நின்று பாடியது. பெனி மேடையேறி, கையில் போனை உயர்த்திப் பிடித்து அழுதான். நடந்தவள் சவாயியில் அப்போது குனிந்து படுக்கை விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

* புரண்டால்தானே உணரும்? அவரைப் புரட்டுவது நேசா. அந்தப் போன் உணர்ந்ததெல்லாம் அவளைத்தான்.

4

போனைப் பற்றிப் பெனி எனக்கு ஒருமுறை பாடம் நடத்தினான். "பேசறதுக்குன்னு நினைச்சிட்டிருக்கீங்க இதை. இதுக்குள்ள எத்தனை புலன் இருக்கு தெரியுமா?" எனக்கும் தெரியும். சாய்ந்தால் அதற்குத் தெரியும். வெளிச்சம் குறைந்தால் தெரியும். வடக்கு எது, காற்றின் அழுத்தம் என்ன, வண்டியில் போகிறோமா, நடந்து போகிறோமா, எல்லாம் தெரியும். இவ்வளவு புலன்களையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைகிறவனுக்கு, அக்கறை என்பது எண்களைப் பார்ப்பது என்று ஆகிவிடுகிறது. எண் நன்றாக இருந்தால் இவன் நல்ல மகன். எண் கெட்டால் தங்கை சரியில்லை. இதைவிட வசதியான பாசம் எங்கே கிடைக்கும்?

நான் அவனை வில்லனாக்கப் பார்க்கிறேன் என்று தோன்றுகிறதா? பாருங்கள், அங்கேதான் சிக்கல். எழுத எழுத ஒன்று நடந்தது, நான் திட்டமிடாதது.

"அப்பா நேத்து சரியாத் தூங்கலையே நேசா? எத்தனை தடவை எழுந்திருக்கார்!"

"ஆமா."

"இடுப்பு வலிக்குதோ என்னவோ. கேளேன்."

"வலிக்குதாம்."

"எங்க வலிக்குதாம்?"

"கீழ. குனிஞ்சு நிமிந்தா சுரீர்னு இழுக்குதாம்."

"ஐயோ பாவம். சொல்லவே இல்லையே என்கிட்ட."

"கேட்டாத்தானே சொல்லுவாங்க."

"நான் தைலம் அனுப்பறேன். சூடு பறக்கத் தேய்க்கச் சொல்லு."

தைலம் வந்தது. அவளே தேய்த்துக்கொண்டாள். அவள் இடுப்பு வலியை யாராவது விசாரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அடுத்த அழைப்புக்காக அவள் கொஞ்சம் காத்திருக்கவும் செய்தாள். அப்பா சாப்பிட்டாரா, அப்பா ஏன் இவ்வளவு வேகமாக மூச்சு வாங்குகிறார், அப்பாவுக்கு மனசில் ஏதாவது குறையா. ஒவ்வொன்றுக்கும் உண்மையான பதிலைச் சொன்னாள்.

5

குடும்பக் கதை எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. நேசாவுக்கு ஒருவனைக் கொண்டுவந்தேன். பெயர் இயோசுவா. துறைமுகத்துக்குப் போகும் பேருந்தை ஓட்டுபவன். கூட்டம் ஏறினால் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்துகொள்ளும் அந்தப் பேருந்தில், நேசாவுக்கு மட்டும் தன் பின்னால் ஓர் இடம்—

வேண்டாம். அவன் வந்த மறுநிமிடமே கதை கெட்டுப்போனது. 'ஓ, கல்யாணம் பண்ணிக்கணும், அதான் அலுத்துக்கறா' என்று பெனி சொல்வான். நீங்களும் சொல்வீர்கள். வாசலில் ஒருவன் நின்றால்தான் ஒரு பெண் களைத்திருக்கிறாள் என்பதை நம்புவீர்கள். இயோசுவாவைப் பேருந்தோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். நல்ல பையன். வேறு கதையில் பிழைத்துக்கொள்வான்.

நேசாவுக்கு வேண்டியது ஒன்றுதான். அண்ணன் வீட்டுக்கு வர வேண்டும். விருந்தாளியாக இல்லை. வந்து இருந்து, அப்பாவைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அவள் படுத்துத் தூங்க வேண்டும்.

கேட்டுவிட்டால் என்ன என்கிறீர்களா? நம் ஊர்த் தங்கை கேட்பது வேறு. அங்கே அண்ணன் தங்கைக்குக் கடமைப்பட்டவன். நல்ல துண்டு அவள் தட்டுக்குப் போன பிறகுதான் அவன் கை நீட்டலாம். அவள் வாய் திறந்து கேட்டதை மறுத்துவிட்டு அவன் நிம்மதியாக வாழ முடியாது. அவள் மனம் நொந்தால் அந்தச் சாபம் அவன் பிள்ளைகளைப் பிடிக்கும் என்று நடுங்குவார்கள். அதனால் அங்கே அவள் கேட்பது கேட்பதே இல்லை. உத்தரவு. ஆக்லாந்தில் அவன் வேலை, பிள்ளைகளின் பள்ளி, பாதி முடிந்த வீடு, எல்லாம் அவளுடைய ஒரு வாக்கியத்தில் கவிழ்ந்துவிடும். அந்த வாக்கியத்தை வருடக்கணக்காக அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இது பெனிக்கும் தெரியும். அவள் கேட்டுவிடக் கூடாது என்றுதானே பெட்டி பெட்டியாக அனுப்பினான்?

6

முடிவுகள்.

அ) அப்பா இறந்துபோகிறார். ஆக்லாந்துப் போனில் மட்டும் அவர் நாடி துடித்துக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் நிச்சயம். ஆனால் அதற்கு மாத்தாயோவை நான் கொல்ல வேண்டும். தன் வேலை சுலபமாக முடிய வேண்டும் என்று கிழவர்களைக் கொல்கிற எழுத்தாளர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள்.

ஆ) எண்களைப் பார்த்துப் பார்த்துப் பெனிக்குத் தானாகவே உறைக்கிறது. ஓடி வருகிறான். இந்த முடிவை விரும்புகிறவர்களுக்குப் பெனியைத் தெரியாது.

இ) நடந்தது இது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம். தேவாலயத்துக்குப் போட்ட வெள்ளை உடையைக்கூட மாற்றாமல் நேசா அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். தேங்காய்ப் பாலில் வெந்த கீரை. போன் அடித்தது. கை காலியில்லாததால் ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

"நேசா! அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. சாப்பிடறார்."

"மறைக்காத. ஒரு வாரமா பாக்கறேன், நாடி தாறுமாறா ஓடுது. தூக்கமே இல்ல. இங்க சர்ச்சுல ஒரு நர்ஸம்மாகிட்ட காட்டினேன், பயந்துட்டாங்க. யாரா இருந்தாலும் இப்படியே போனா சுருண்டு விழுந்துடுவாங்கன்னு சொல்றாங்க. என்னதான் வேலை வாங்கற அவரை?"

மாத்தாயோவுக்குக் கீரை புரையேறியது. "கேட்டியா? என்னை ரொம்ப வேலை வாங்கறியாம்!"

"சிரிக்கிறாரா? சிரிக்கற விஷயமா இது? அவர் இனிமே கையைக் காலை அசைக்கக் கூடாது நேசா. யாராவது கூடவே இருந்து எல்லாத்தையும் செய்யணும்."

"யாரு?"

"யாருன்னா? நீதான்."

நேசா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"கடிகாரம் அப்பா கையில இல்ல பெனி. என் கையில இருக்கு."

"எப்போலேர்ந்து?"

"வந்த நாள்லேர்ந்து."

"அப்ப கடற்கரை வரைக்கும் நடந்தது..."

"கடற்கரை ஊத்துல துணி துவைக்கப் போனது நான்."

"ராத்திரி எழுந்தது?"

"அவரைத் திருப்பிப் படுக்கவைக்க."

பெனி இதுவரை எந்தக் கருவியிடமும் பேசாத ஒரு குரலில் கேட்டான். "அந்தத் தைலம்?"

"நல்ல தைலம்."

மாத்தாயோ முகத்தைத் தூண்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கிழவருக்கு அவ்வளவு நாசூக்கு உண்டு என்று இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது.

(நான் இங்கே விலகிக்கொள்கிறேன். இனி அவன் ஒருமுறை குறுக்கிடுவான், அப்புறம் அவள் சொல்வது மட்டும்தான். அதற்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கும் அண்ணன், தம்பி யாராவது இருப்பார்கள். அவரை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் போன் இருக்கிறவராகப் பார்த்து.)

"நேசா, இரு, அவசரப்படாத. நான் வேற ஒண்ணு பாத்து அனுப்பறேன். இப்ப புதுசா ஒரு படுக்கை வந்திருக்கு, அதுவே ஆளைத் திருப்..."

"பெனி. ஒண்ணும் அனுப்பாத. நான் உன்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. இப்ப கேக்கறேன், உன் தங்கச்சி கேக்கறேன். வீட்டுக்கு வா."