கைதூக்கி ஸ்டாப்பிங்

தனசேகரின் வலது கை தலைக்கு மேலே தூக்கியது தூக்கியபடியே நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு, எமார்வோ என்கிற மண்டல வருவாய் அதிகாரியின் ஆபீசில், ஐந்து பேர் பார்க்க. அன்று புத்தூர் மார்க்கெட்டில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய். மழை இல்லை. பெங்களூரா மாங்காய் அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கையைத் தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்றுதான் அதிகாரி சொன்னார். கிறிஸ்தவ சபைக்கு மூப்பர் ஆயிற்றே, சும்மா சொன்னால் எடுபடாது என்று நினைத்தாரோ என்னவோ, அவராகவே கையைத் தூக்கி, ஆண்டவரை முன்வைத்துச் சொல்கிறேன், ஈச்சங்கண்டிகை ரோட்டோரத்து எண்பது சென்ட் நிலத்தில் செங்கம்மாவோ அவள் புருஷன் கங்கையாவோ ஒருநாளும் பயிர் வைத்ததில்லை, புத்தூர் மாங்காய் மண்டிக்காரர்தான் அப்பா காலத்திலிருந்து வைக்கிறார் என்று சொல்லி முடித்தார். முடித்தவர் கையை இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தார். பியூன் வந்து ஒரு தடவை தொங்கிப் பார்த்தான். கடைசியில் இடது கையாலேயே கிறுக்கலாக ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு, நிலைவாசலில் விரல் இடிக்காமல் குனிந்து வெளியே வந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்ற செங்கம்மாவின் காதில் அத்தனையும் ஜன்னல் வழியாக விழுந்தது. தனசேகர் மண்டிக்காரரின் சாட்சி இல்லை. அவள் கூட்டிக்கொண்டு வந்த சாட்சி. அதுதான் கொடுமை. பக்கத்து நிலத்துக்காரர் ஒருவரை அழைத்து வா என்று ஆபீசில் சொன்னபோது, சொந்தக்காரர்கள் மூன்று பேர் வருகிறேன் என்றார்கள். அவர்களையெல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, வேதக்காரர் ஒருத்தர் சொன்னால் அதற்கு மறுபேச்சு இருக்காது என்று இவரைப் போய்க் கூப்பிட்டாள். இருபத்திரண்டு மாமரம். ஒவ்வொன்றுக்கும் கங்கையா ஏரியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது ஊருக்கே தெரியும். அந்த மனுஷனைப் புதைத்ததும் அங்கேதான், ஏழாவது மரத்தடியில். புதைத்த அந்த வாரமே மண்டிக்காரர் முள்கம்பி போட்டுவிட்டார், அதற்குத்தான் அவள் ஆபீசில் மனுக் கொடுத்தாள். புருஷனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்றாலும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று வீசத்தான் வேண்டும்.

ஈச்சங்கண்டிகையில் வேதக்காரர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்ற பேர் வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு ஆள், பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்கும் மணியம்மா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போலீஸ்காரர்கள் திருட்டுப்போன பம்புசெட் மோட்டாரைத் தேடிக்கொண்டு வந்தபோது, அவர்கள் கேள்வியை முடிப்பதற்குள், “எம் பையந்தான் எடுத்துக்கினு வந்தான், பரண் மேல கீது” என்று காட்டிக்கொடுத்தவள் அவள். பையன் எட்டு மாதம் உள்ளே இருந்தான். அதிலிருந்து ஊரில் எந்தத் தகராறு வந்தாலும், கங்கம்மா கோயில் பூசாரி உட்பட எல்லோரும் வேதக்காரர் யாராவது பார்த்தார்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். மணியம்மா சம்பாதித்த பேரைத்தான் தனசேகர் ஒரே வாயில் தின்று தீர்த்தார். எதற்காக? ஓடுகள் உடைந்து ஒழுகிக்கொண்டிருந்த சபைக்குக் கான்கிரீட் கூரை போட்டுத் தருகிறேன் என்று மண்டிக்காரர் சொல்லியிருந்தார். சொன்னபடி போட்டும் கொடுத்தார்.

செங்கம்மா மண்ணை வாரிச் சபையின் பக்கமாக மூன்று தரம் தூற்றினாள். அந்தக் கை அழுகி விழணும் என்று தூற்றினாள். கை அழுகவில்லை. மாறாக, செழித்தது. தூங்கும்போதும் குளிக்கும்போதும் மேல்நோக்கியே நிற்கிற அந்தக் கையைப் பாஸ்டர் சம்பத் ஐயா, ஓயாமல் துதிக்கிற கை என்று மைக்கில் அறிவித்துவிட்டார். நாயுடுபேட்டையிலிருந்து வேன் போட்டுக்கொண்டு வந்தார்கள். திருப்பதியிலிருந்து ஒரு எலும்பு டாக்டர் வந்து, படம் எடுத்து, ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்து, போகும்போது அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். டெய்லர் தோள்பட்டையில் பட்டன் வைத்துச் சட்டை தைத்தார். வீட்டில் சீலிங் பேனைக் கழற்றி மேசை பேன் வாங்கினார்கள். ரோட்டோரம் அவர் நின்றால் போகிற பஸ்ஸெல்லாம் நின்றது. இதையெல்லாம் செங்கம்மா கூலி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்தாள். பொய் சொன்ன கைக்கு மாலை போடுகிறார்களே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊருக்கும் இறங்கவில்லைதான். ஆனால் ஊர் தன் கோபத்தைக் காட்டின விதம் வேறு. இருபது வருஷமாகப் பால் ஊற்றுகிற வேதக்காரப் பெண் காஞ்சனாவைப் பார்த்து, தண்ணி கலக்கலையே என்று முதல்முறையாகக் கேட்டார்கள். கொத்தனார் வேலைக்குப் போகிற வேதக்காரர்களின் பையைத் திறந்து பார்த்தார்கள். மணியம்மா ஆக்கும் சாம்பாரில் பருப்பு எங்கே போகிறது என்று பெற்றவர்கள் விசாரித்தார்கள். அவள் கரண்டியைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள்.

அறுப்பு முடிந்த ஒரு சனிக்கிழமை, சபையின் ஒலிபெருக்கி தமிழில் ஒருமுறையும் தெலுங்கில் ஒருமுறையும் சொன்னது: நாளைக் காலை சாட்சிக் கூட்டம், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் யாராக இருந்தாலும் வரலாம். செங்கம்மாவுக்குத் தெரிந்த சாட்சி ஒன்றே ஒன்றுதான், எமார்வோ ஆபீஸ் சாட்சி. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து சொல்வதற்கும் சபையில் அதே பேர்தான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மறு விசாரணை வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பெட்டியிலிருந்த கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு, பட்டா நகல், ஆதார் கார்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு எடுத்துக்கொண்டு போய், புதுக் கூரையின் கீழே பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். ஒருத்தர் எழுந்து சர்க்கரை இறங்கியதைச் சொன்னார். ஒருத்தி மகளுக்குச் சித்தூரில் வேலை கிடைத்ததைச் சொன்னாள். எதிர்த்துக் கேள்வி கேட்க ஆளே இல்லாத இது என்ன விசாரணை என்று செங்கம்மா யோசித்துக்கொண்டிருக்கும்போதே மைக் அவள் கைக்கு வந்துவிட்டது.

அவள் எழுந்தாள். மேடையில் கை தூக்கி உட்கார்ந்திருந்த தனசேகரைப் பார்த்தாள்.

“எனக்கு உங்க சாமி யாருன்னு தெரியாது. எனக்குத் தெரிஞ்சது மணியம்மா அக்கா ஒருத்தங்கதான். அவங்க பொய் சொல்லமாட்டாங்க, அதனால நீங்க யாரும் சொல்லமாட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அந்த எண்பது சென்ட் எங்கூட்டுதுன்னு உங்கள்ல எத்தினி பேருக்குத் தெரியும்? தெரிஞ்சவங்க கையத் தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை. கைகள் தாமே எழுந்தன. முதலில் டிரம் வாசிக்கிறவருடையது. அப்புறம் பால்காரக் காஞ்சனாவுடையது. பாஸ்டர் சம்பத் ஐயாவின் கை பைபிளோடு எழுந்தது. மொத்தம் இருபத்து மூன்று கை. எழுந்தவை இறங்கவில்லை. செங்கம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அன்று வீட்டுக்குப் போய்க் கருவாட்டுக் குழம்பு வைத்து வயிறார உண்டாள். சந்தோஷப்பட்டாள் என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் புதன்கிழமை பள்ளிக்கூடத்து வழியாகப் போகும்போது, மணியம்மா இடது கையால் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருப்பதையும், வலது கை புகைக்கு மேலே நிற்பதையும் பார்த்தாள். இருபத்து மூன்றில் அதுவும் ஒன்று. அந்த ஒரு கையைத்தான் ஞாயிற்றுக்கிழமை அவள் பார்க்காத மாதிரி விட்டிருந்தாள். செங்கம்மா நின்றாள். மணியம்மாவே சொன்னாள்.

“ஒழுவாத கூர வந்துதேன்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன் செங்கம்மா. பெத்த புள்ளையக் காட்டிக் குடுத்தேன். சபையக் காட்டிக் குடுக்க மனசு வரல.”

பரவாயில்லை அக்கா என்று செங்கம்மா சொல்லவில்லை. பரவாயில்லாமல் இருந்தால்தானே சொல்வதற்கு. “அப்போ இன்னா பண்ணப்போற?” என்று மட்டும் கேட்டாள். அடுத்த நாள் மணியம்மா லீவு போட்டுவிட்டு, பஸ்ஸின் மேல்கம்பியைப் பிடித்தபடி வசதியாகவே ஆபீசுக்குப் போய், கங்கையா சுமந்த குடத்திலிருந்து மண்டிக்காரர் போட்ட கூரை வரைக்கும் சொன்னாள். சொல்லி முடித்ததும் கை இறங்கி மேசைமேல் வந்து உட்கார்ந்தது. அதிகாரி அதையும் ரிமார்க்ஸில் எழுதிக்கொண்டார். பத்து நாளில் மற்ற இருபத்திரண்டு பேரும் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லி, கையை இறக்கிக்கொண்டு திரும்பினார்கள். சம்பத் ஐயா கடைசி. மண்டிக்காரர் கோபத்தில், சபைக்குத் தான் போட்டுக்கொடுத்த ஜன்னல் கதவுகளைக் கழற்றிக்கொண்டு போனார். கூரையைக் கழற்ற முடியவில்லை. நிலம் செங்கம்மாவுடையது என்று உத்தரவு வந்து, முள்கம்பியைப் பிடுங்கிய அன்று செங்கம்மா ஏழாவது மரத்தடியில் ஒரு குடம் தண்ணீரை முழுசாக ஊற்றினாள்.

தனசேகர் போகவில்லை. இத்தனை கை இறங்கியும் தன் கை இறங்காமல் நிற்பதால் தன்னுடையதுதான் நிஜமான துதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லை. வேன்களும் நின்றுவிட்டன. தை மாதம் போய், ஒரு வெயில் காலமும் போய், தோள் மரத்துப்போன பிறகுதான் எமார்வோ ஆபீசுக்குப் போனார். உண்மையைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அங்கே வேறு அதிகாரி வந்திருந்தார். கேஸ் மூடியாகிவிட்டது, உங்கள் உண்மை இனி எதற்கு என்றார். நிலத்துக்காரி மறு விசாரணை கேட்டுக் கையெழுத்துப் போட்டால் மட்டும் கூப்பிடலாம் என்று ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு தனசேகர் மாந்தோப்புக்கு வந்தார்.

“ஒரு கையெழுத்துதாம்மா. மன்னிச்சுடு” என்றார்.

செங்கம்மா பாரத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் பேருக்கு எதிரே, கையெழுத்துக்கு இடம் காட்டி, பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

“மன்னிக்கிறது உங்க வேதத்துல கீது, ஐயா. எங்கூட்டுல இல்ல” என்றாள்.

மனசு மாறுவாள் என்று தனசேகர் தினமும் சாயங்காலம் தோப்புக்கு எதிரே ரோட்டோரத்தில் வந்து நிற்கிறார். புத்தூர் பஸ்ஸும் நகரி பஸ்ஸும் அவரைப் பார்த்து நிற்கின்றன, அவர் ஏறுவதில்லை, ஆனால் நின்ற பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கிவிடுவார்கள். கண்டக்டர்கள் இப்போது அந்த இடத்தைக் கைதூக்கி ஸ்டாப்பிங் என்றே கூவுகிறார்கள். ஊரில் யாராவது ஆணையிட்டுப் பேசினால், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், கை இறங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்கள். காஞ்சனாவிடம் பாலைப் பற்றிக் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். செங்கம்மா அந்தப் பாரத்தைக் கிழித்துப் போடவில்லை. பெட்டியில் பட்டாவுக்கு அடியில் வைத்திருக்கிறாள், கையெழுத்துப் போடாமல். முன்பெல்லாம் கூலி வேலை முடிந்து வரும்போது ஏரிக்கரை ஸ்டாப்பில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடப்பாள். இப்போது தோப்பு வாசலிலேயே இறங்குகிறாள். இறங்கும்போது அந்தக் கையை ஒரு பார்வை பார்ப்பாள், நிற்கிறது என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போய் உலை வைப்பாள்.