வெள்ளத்துரை அண்ணாச்சி தர மறுத்த புத்தகம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் தூத்துக்குடிக்குப் போனது இந்தக் கதைக்காக அல்ல. ஒரு வாரப் பத்திரிகை என்னை முத்துக்குளிப்பு பற்றி எழுதி வரச் சொல்லி அனுப்பியிருந்தது. பீச் ரோட்டில் இறங்கி விசாரித்த பிறகுதான், முத்துக்குளித்துப் பல வருடங்கள் ஆகின்றன என்பது தெரிந்தது. சிப்பி விளையவில்லையாம். இது பத்திரிகை ஆசிரியருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. [இதைப் படித்தால் அவர் வருத்தப்படுவார். படிக்கட்டும்.]

வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல் மரியான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். அவருக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சம்பந்தப்பட்ட மற்ற இரண்டு பேரிடமும் போய்க் கேட்டேன். மூவரும் சொன்னது பெரும்பாலும் பொருந்துகிறது. பொருந்தாத இடம் வரும்போது சொல்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“அன்று கடல் அமைதியாக இருந்தது. இசபெல்லாவின் மனம் மட்டும்—”

அடித்துவிட்டேன். அன்று கடல் எப்படி இருந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

“இரக்கமற்ற முதலாளி வெள்ளத்துரை தன் அடர்ந்த மீசையை—”

இதையும் நிறுத்தும்படி ஆயிற்று. பின்னால் அவரை நேரில் பார்த்ததுதான் காரணம். மீசையே கிடையாது.

ஆகவே அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன். இசபெல்லா மணப்பாட்டுப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறி, தூத்துக்குடியில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா சிலுவை கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவருக்குக் கண் மங்கிவிட்டது. வீடு இவளை நம்பித்தான் நடந்தது.

வேலை, வெள்ளத்துரையின் ஆபீசில். அவர் தோணிச் சரக்கு ஏஜெண்ட். கூரை ஓடும் வெங்காயமும் கொழும்புக்கு ஏற்றி அனுப்புகிறவர். தமிழில் அழகாக எழுதுவார். இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் போடுவார். கொழும்புக் கம்பெனிக்கோ இங்கிலீஷ் தவிர வேறு எதிலும் எழுதிப் பயனில்லை. டைப்பிஸ்ட் லீவு போட்டால் அவருக்கு அன்று கொழும்பு கிடையாது.

இவளுக்கு முன்பிருந்த டைப்பிஸ்டுகள் நல்ல வேலை கிடைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். அதிலிருந்து, சேருகிறவர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது அவர் வழக்கமாகிவிட்டது. பத்திரமாக இருக்கும் என்று சொல்லித்தான் வாங்குவார். இசபெல்லாவும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும், அதற்குள் மடித்து வைத்திருந்த டைப்ரைட்டிங் சான்றிதழையும் கொடுத்துவிட்டாள்.*

* அப்போதெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் ஒரு சிறு புத்தகமாக இருக்கும். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், மார்க்கு எல்லாம் அதில் இருக்கும். தொலைந்தால் சென்னைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆசையே வற்றிவிடும்.

3

எழுபதுகளின் நடுவில் புதுத் துறைமுகம் வந்தது. அங்கே கிளார்க் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இசபெல்லாவுக்கு இண்டர்வியூ கார்டு வந்தது. அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும் என்று அதில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது இவளுக்கு வயது தாண்டியிருக்கும்.

அவள் கார்டைக் காட்டிக் கேட்டாள். அண்ணாச்சி இடுப்புச் சாவியை எடுத்து இரும்புப் பெட்டியைத் திறந்தார். தலையை உள்ளே விட்டார். வெகு நேரம் தலை வெளியே வரவில்லை. பிறகு பெட்டியைச் சாத்திப் பூட்டித் திரும்பினார்.

“தர முடியாது,” என்றார்.

“ஏன் அண்ணாச்சி?”

“முடியாதுன்னா முடியாது. போய் வேலையைப் பாரு.”

இசபெல்லா போய் உட்கார்ந்து, அன்றைய ஓட்டுச் சரக்குக் கடிதம் முழுவதையும் கோபத்தில் பெரிய எழுத்திலேயே அடித்தாள். கொழும்புக்காரர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

4

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிலுவை சீலாக் கருவாட்டுப் பொட்டலத்தோடு மணப்பாட்டிலிருந்து பஸ் ஏறி வந்தார். அண்ணாச்சி அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார், கண்ணைப் பற்றி விசாரித்தார், நல்ல டாக்டர் பெயர் சொன்னார், கருவாட்டை வாங்கிக்கொண்டார். புத்தகத்தைத் தரவில்லை. மாதா கோயில் சாமியார் ஆள் அனுப்பிக் கேட்டார். சாமியார் வேறு எதைக் கேட்டாலும் செய்வதாக அண்ணாச்சி பணிவோடு சொல்லி அனுப்பினார். ஊரில் அவருக்குக் கல்நெஞ்சன் என்று பெயர் வந்தது.

இந்த இடத்தில் என் கதை நின்றுவிட்டது. என் வில்லன் சரியாக நடந்துகொள்ளவில்லை. ஒரு பெண்ணின் சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கிறவன் தெம்பாக இருக்க வேண்டாமா? இவரோ சோறு இறங்காமல் இளைத்துப்போனார் என்று மரியான் சொல்கிறார். இசபெல்லாவுக்குப் பகலில் டீ வாங்கித் தருவதை அப்போதும் அவர் நிறுத்தவில்லை. அவள்தான் குடிக்காமல் ஆறவிட்டாள்.

எழுதியதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அவரிடமே போனேன். அதற்குள் தொழிலை விட்டிருந்தார். வில்லனாக எழுதியிருந்த பக்கங்களை வாசித்துக் காட்டச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த உண்மையைச் சொன்னார்.

பெட்டிக்குள் புத்தகம் இல்லை.

தேடிப் பார்த்து அவரே திடுக்கிட்டுவிட்டார். தோணியின் முந்தின நடையில், காற்று கிளம்பிவிட்டது என்று மரியான் அவசரப்படுத்தியதும், ஓட்டுச் சரக்கின் காகிதக் கட்டைப் பெட்டியிலிருந்து அள்ளிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அந்தக் கட்டோடு இசபெல்லாவின் புத்தகமும் கொழும்புக்குப் போயிருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. தர முடியாது என்பதுதான் வந்தது.

“கல்நெஞ்சன்னு சொன்னா சொல்லிட்டுப் போறான். கவனம் இல்லாதவன்னு தெரிஞ்சா எவன் எங்கிட்ட சரக்கு குடுப்பான்?” என்று என்னிடம் கேட்டார்.

கொழும்புக்கு எழுதிக் கேட்டிருக்கலாமே என்றேன். யாரை வைத்து எழுதுவது என்றார். அவருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதித் தரக்கூடிய ஒரே ஆள் இசபெல்லா. வெளியே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும். தண்டலிடம் வாய்மொழியாகச் சொல்லிவிடலாம் என்றால், மரியான் மணப்பாட்டில் இசபெல்லாவின் தெருக்காரர். இப்படி ஒரு மனிதர் தன் ஆபீசிலேயே மாட்டிக்கொண்டு கிடந்தார்.

[மீசைப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.]

5

தோணி திரும்பி வந்தது. மத்தியானம் மரியான் ஆபீசுக்குள் நுழைந்து, அண்ணாச்சியிடம் காகிதங்களைக் கொடுத்துவிட்டு, டைப்ரைட்டர் பக்கம் திரும்பினார்.

“ஏளா இசபெல்லா, ஒனக்கு இடது முழங்கையில மச்சம் உண்டுமா?”

“உண்டு மாமா. யாரு சொன்னா?”

“கொழும்பு கம்பெனி கிளார்க்கு சொல்லுதாரு.”

மரியானுக்கு இதில் ஒரு விகற்பமும் தெரியவில்லை. ஓட்டுச் சரக்குக் காகிதத்துக்குள் ஒரு புத்தகம் வந்திருக்கிறது, அங்கே உள்ள கிளார்க் அதை அட்டையிலிருந்து அட்டை வரை படித்துவிட்டார், மணப்பாடு சிலுவை மகளைத் தெரியுமா என்று இவரைக் கேட்டார், இவர் தெரியும் என்றார். கையோடு கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு, அனுப்பிய கம்பெனி எழுத்து மூலம் கேட்டால் ஒழியத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

இப்படியாக அந்தப் புத்தகத்தைத் தர மறுக்கிறவர்கள் கடலுக்கு இரண்டு பக்கமும் ஆகிவிட்டார்கள்.

அண்ணாச்சி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதத்துத் தாளில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றும் இல்லை.

6

இசபெல்லா இங்கே கத்தினாள் என்று எழுதினேன். கத்தவில்லை என்கிறாள். அழுதாள் என்று மாற்றினேன். அதுவும் இல்லையாம். மிஷினில் ஒரு புதுத் தாளைச் செருகி, கம்பெனி விலாசத்தை அடித்து முடித்து, நிமிர்ந்தாள்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எங்க டைப்பிஸ்ட் புத்தகம் தவறுதலா அங்கன வந்துட்டு. அப்படின்னு போடு.”

“வந்துட்டுன்னு போடவா, அனுப்பிட்டோம்னு போடவா?”

அவர் யோசித்தார். “அனுப்பிட்டோம்னு போடு.”

“நான் அனுப்பலையே அண்ணாச்சி.”

மரியான் அப்போதுதான் மெல்ல விஷயம் பிடிபட்டு, வாசலில் போய் நின்றுகொண்டார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

“அனுப்பிட்டேன்னு போடு,” என்றார்.

அவள் அடித்தாள். அந்த ஒரு சொல்லில் மட்டும் பிழை விழுந்து, அழித்துத் திருப்பி அடித்ததாகச் சொன்னாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

7

கடிதம் தோணியில் போனது. இண்டர்வியூ நெருங்கிக்கொண்டிருந்தது. தோணி வரவில்லை. இங்கே நான் ஒரு புயலை வைத்திருந்தேன், நன்றாகவே வந்திருந்தது. மரியான் கேட்டுவிட்டுப் புயல் எல்லாம் இல்லை என்றார். “காத்தே இல்ல. அதுதான் தொந்தரவு,” என்றார். பாய் தொங்கிப்போய் நடுக்கடலில் கிடந்தார்களாம். இசபெல்லா சாயங்காலம் ஆனால் கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டுச் சித்தி வீட்டுக்குத் திரும்புவாள். சில நாள் அண்ணாச்சியும் அங்கே நின்றிருப்பார். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இண்டர்வியூவுக்கு முந்தின நாள் தோணி வந்தது. ஆபீஸ் பெயரில் கேட்டு வாங்கியதாகையால் மரியான் பார்சலை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு, அசதி தாங்காமல் தோணிக்கே போய்ப் படுத்துவிட்டார்.

அண்ணாச்சி பிரித்தார். புத்தகம் இருந்தது. உள்ளே டைப்ரைட்டிங் சான்றிதழும் இருந்தது. தர முடியாது என்று இத்தனை நாள் சொல்லிவந்தவர் கையில் இப்போதுதான் தருவதற்கு ஒன்று வந்திருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்தால் நாளை போய்விடுவாள் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் எழுந்து அதை இரும்புப் பெட்டிக்குள் வைத்தார். ஆனால் பூட்டவில்லை. கதவு திறந்தபடி, சாவி தொங்கியபடி இருக்க, சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். அது அவர் சாப்பிடுகிற நேரமே இல்லை.

இசபெல்லாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் எழுந்திருக்கவில்லை. “நான் குடுத்தது அவரு கையில. அவரு கையாலதான் திரும்ப வரணும். நானா எடுத்தா களவாண்ட மாதிரி ஆயிராதா?” என்று என்னிடம் சொன்னாள்.

அவர் திரும்பி வந்து ஓரக்கண்ணால் பெட்டியைப் பார்த்தார். புத்தகம் வைத்த இடத்தில் இருந்தது. டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். வந்து பார்த்தார். இருந்தது. குடோனில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிப் போனார். இருந்தது. அவள் பாட்டுக்கு வெங்காயக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்துவிட்டது.

8

முடிவு. அண்ணாச்சி கண்ணீர் விட்டுக் கொடுப்பதாக ஒன்று எழுதினேன். இருவருக்குமே பிடிக்கவில்லை. மரியான் உள்ளே வந்து புத்தகத்தை எடுத்து அவள் மடியில் போடுவதாக இன்னொன்று எழுதினேன். மரியானுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அவர் அப்போது தோணியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தெரிந்த உண்மை இவ்வளவுதான்: மறுநாள் காலை இசபெல்லா அந்தப் புத்தகத்தோடு இண்டர்வியூவில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைச் சந்தித்ததே துறைமுக ஆபீசில், அவளுடைய மேசையில்தான். ஆகவே யாரோ ஒருவர் இறங்கி வந்திருக்கிறார்.

அண்ணாச்சியைக் கேட்டேன். “நான் எங்க குடுத்தேன்? அவதான் எடுத்துட்டுப் போயிட்டா,” என்றார்.

இசபெல்லாவைக் கேட்டேன். “நான் தொடவே இல்ல. அவருதான் குடுத்தாரு,” என்றாள்.

அவர் சொன்னதை அவளிடமும், அவள் சொன்னதை அவரிடமும் சொல்லிப் பார்த்தேன். இருவரும் சிரித்தார்கள். ஒருவரும் வார்த்தையை மாற்றவில்லை. கடைசி வரியை நானும் பல தடவை தொடங்கிவிட்டேன்: “பெட்டிக்குள் நீண்ட அந்தக் கை—”

அதற்கு மேல் ஓடவில்லை. இருட்டிக்கொண்டு வருகிறது, ஆபீஸ் பூட்ட வேண்டும், அவர் செருப்பை மாட்டிவிட்டார், அவள் மிஷினுக்கு உறை போட்டுவிட்டாள், இருவரும் நிற்கிறார்கள். பெட்டி திறந்திருக்கிறது. நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்.