தார்ப்பாய் விரித்த களம்

கிழக்கு வெளுக்கும் முன்பே விழிதியூர்ப் பெரிய களத்தில் கதிரடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. என் கொல்லைப் படலுக்கு அந்தப் பக்கம்தான் களம். படலில் ஓர் ஓட்டை உண்டு. அதை நான் போடவில்லை. கொஞ்சம் பெரிதாக்கியதோடு சரி.

செல்வம்மாள் கதிர்க்கட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் கல்லில் அறைந்தாள். பனி ஈரத்தில் தாள் கனத்தது. தாளின் சுனை அரித்து முழங்கை வரை தடித்திருந்தது. அவள் புருஷன் யாகப்பன் தாளை உதறிப் போரில் வீசினான். எழுபத்தைந்தாம் ஆண்டுத் தை மாதம். காவிரி கடைமடையை எட்டிப் பார்க்காத வருடம். ஊரெல்லாம் பதர். ஆயில் எஞ்சின் வைத்து இறைத்த நீலகண்டன் பண்ணையில் மட்டும் மணி பிடித்திருந்தது.

இந்த முறை களம் முழுக்கத் தார்ப்பாய். அடித்து முடித்தபின் மண்ணில் கிடக்கும் நெல், அடித்தவர்களுக்கு என்பது ஊர் வழக்கம். தார்ப்பாயில் மண் ஏது?

கூலியும் நெல்லாக இல்லை, காசு. அதற்கு நீலகண்டனைக் குறை சொல்ல முடியாது, இவர்களே கேட்டு வாங்கியது. நெல் மலிந்து கிடந்த ஒரு வருடம், "நெல்லு வேணாம், காசா குடுங்க" என்று கொடி பிடித்தார்கள். அவரும் மனசே இல்லாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு சம்மதித்தார். அந்தக் காசில் எடுத்த நைலக்ஸ் சேலையைக் கட்டிக்கொண்டு செல்வம்மாள் மாதா கோயில் திருவிழாவுக்கு என் வாசல் வழியாகத்தான் போனாள், வந்தாள், மறுபடியும் போனாள். ஊருக்கெல்லாம் சொன்னேன், பின்னே?

இப்போது அந்தக் காசை எடுத்துக்கொண்டு திருப்பட்டினம் கடைக்குப் போனால், அரிசி இல்லை என்று கையை விரிக்கிறார்கள். காரைக்கால் எல்லை தாண்டி வேலை தேடிப் போனவர்களும் வெறுங்கையோடு திரும்பிவிட்டார்கள். இந்த நெல்லும் போய்விட்டால் அடுத்த அறுப்பு வரை அடுப்பில் என்னத்தை வைப்பது?

வெயில் ஏறியதும் பண்ணை நெல்லை வெளியூருக்கு ஏற்றிப்போக லாரி வந்தது. நாற்காலியில் வந்து அமர்ந்த நீலகண்டன் முன் செல்வம்மாள் போய் நின்றாள்.

"ஐயா, இந்த வருஷம் கூலிய நெல்லா அளந்துடுங்க."

"நீங்கதானடி காசு கேட்டீங்க?"

"கேட்டோம், புத்தி கெட்டுப்போய். காச வேக வச்சா சோறாவுதா?"

அவர் சிரித்தார். "என்னமோ நான் புதுசா செய்யற மாதிரி பேசற. பிரெஞ்சுக்காரன் வரியக் காசாத்தான் கேட்டான். அறுத்த கையோட ஊரே நெல்ல வித்துச்சு. எங்க பூட்டன் வாங்கிக் கப்பல்ல ஏத்துனாரு. மழ பொய்ச்ச வருஷங்கூட அவரு கப்பல் நின்னதில்ல, தெரியுமா?"

"அந்த வருஷம் ஊரு என்னத்தத் தின்னுச்சுங்க?" என்றான் யாகப்பன்.

"அப்பெல்லாம் அடிக்கடி பஞ்சம்டா. தெய்வக் குத்தம்."

"அதுக்கு முந்தியும் மழ பொய்ச்சிருக்கும்லங்க? அப்ப மிச்ச நெல்லு ஊருக் குதிருல கெடந்துருக்கும், ஒருத்தருக்கொருத்தரு குடுத்து வாங்கித் தின்னுருப்பாங்க. வரிக்கின்னு வித்தப்புறம் குதிரு ஏது? அவருக்குக் கப்பலு, ஒங்களுக்கு லாரி. தெய்வத்த ஏங்க வம்புக்கு இழுக்குறீங்க?"

நீலகண்டன் முகம் கறுத்தது. "யாருடா அங்க, மூட்டைய ஏத்து!"

காரைக்காலிலிருந்து லாரியோடு வந்த சுமைகூலி அடைக்கலராஜ், அப்போதுதான் கட்டிய முதல் மூட்டையைத் தோளிலிருந்து கீழே வைத்தான். "இந்த வேல நமக்கு வேணாங்க. எங்க தெருவுலயும் வெறும் ஒலதான் காயுது."

"பட்டினச்சேரிலேந்து ஆளு கொண்டாருவேன்!"

"அவங்களும் சோறுதாங்க திங்கறாங்க."

செல்வம்மாள் குனிந்து தார்ப்பாயின் ஒரு விளிம்பைப் பிடித்தாள். யாகப்பன் பிடித்தான். அடித்த கைகளெல்லாம் வந்து சேர்ந்து ஒரே மூச்சில் தூக்கின. குவித்திருந்த நெற்பொலி சரசரவென்று உருண்டு மண்ணில் கவிழ்ந்தது.

"மண்ணுல கெடக்குதுங்க. வழக்கப்படி யாருதுன்னு ஒங்களுக்கே தெரியும்," என்றாள் அவள். "நாங்க ஒரு மணி தொடல. கூலிய அளந்துட்டு மிச்சத்த ஏத்திக்கிங்க."

நெல்லைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். அடைக்கலராஜும் தலைத்துண்டை விரித்து உட்கார்ந்தான். நீலகண்டனின் மோட்டார் சைக்கிள் போலீஸை அழைக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. லாரி எஞ்சின் உறுமிக்கொண்டே நின்றது.

செல்வம்மாள் திரும்பாமலே குரல் கொடுத்தாள். "ஓட்ட வழியா பாத்தது போதும்க்கா. இங்க எடம் கெடக்கு."

என் அரிசிப் பானையும் காலையில் அடி தட்டியது. அதை மட்டும் நான் ஊருக்குச் சொல்லியிருக்கவில்லை. படல் கட்டை அவிழ்த்துவிட்டுப் போய், அவள் தோள் இடிக்க உட்கார்ந்தேன். இன்று நடக்கப் போவதை ஊருக்குச் சொல்ல வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்.