பொதுமக்கள் குடிநீர்

பள்ளிக்கரணைப் பூங்காவில் குடிநீர்க் குழாய் வைத்தது 2004 கோடையில். சதுப்பே பாளம் பாளமாக வெடித்து, லாரித் தண்ணீருக்கு ஊரே குடத்தோடு நின்ற வருஷம். 'பொதுமக்களுக்கு இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போர்டு வேறு. நானும் என் நாத்தனார் பாப்பாவும் நீலாங்கரை குப்பத்திலிருந்து வந்து தெருத்தெருவாக மீன் விற்பவர்கள். பொதுமக்களில் நாங்களும் சேர்த்தி என்று நினைத்துவிட்டோம்.

ஒரு நாள் சாயங்காலம் மீன் விற்றுத் தீர்ந்ததும் பாப்பா நேராகக் குழாயடிக்குப் போனாள். காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை, உதடு வெடித்திருந்தது. முன்னால் நின்ற ஆள் வீட்டுக்கு ஐந்தாறு பாட்டில் பிடித்துக்கொண்டு போகும்வரை காத்திருந்து, தன் பாட்டிலை நீட்டினாள்.

"ஏய், கையை எடு!"

நடைப்பயிற்சிச் சங்கச் செயலாளர் ஜீவரத்தினம். நாய் விரட்டத் தடியோடு நடப்பவர். "மீன் கையால குழாயைத் தொட்டா நாங்க எப்படிக் குடிக்கிறது?"

"கை கழுவிக்கினுதான் சார் வந்தேன். ஒரு பாட்டில் பிடிச்சிகினு போய்டறேன்" என்று பாப்பா குழாயைத் திறந்தாள்.

தடி இறங்கியது. விரல் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பாப்பா கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மீன் சுமக்கிற அலுமினிய அன்னக்கூடையை இரண்டு கையாலும் தூக்கி அவர் மண்டையில் ஒரே போடு போட்டேன். நெற்றி கிழிந்து வெள்ளை டீ-ஷர்ட் சிவப்பானது. இரண்டு சுற்று நடந்தாலே மூச்சு வாங்குகிற கூட்டம் அன்றைக்கு என்ன ஓட்டம் ஓடி வந்தது! முடியைப் பிடித்து இழுத்தார்கள், இடுப்பில் மிதித்தார்கள். ஒருவன் கையைக் கடித்தேன், விடாமல் கடித்தேன். இன்னொருவன் வாயில் குத்தினான். பல் ஒன்று போயிற்று.

செயலாளரைக் காரில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, போலீஸ் எங்களை ஜீப்பில் ஏற்றியது.

"சார், இவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு இஸ்துகினு போ சார்."

"ஸ்டேஷன்ல குடிக்கலாம், ஏறு" என்றார் ஏட்டு.

ஜீப்பிலிருந்து பார்த்தேன். இரண்டு பேர் சோப்புத்தூளைக் கொட்டி, பாப்பா தொட்ட குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் குழாயில் பக்கெட் பக்கெட்டாகப் பிடித்து ஊற்றினார்கள். நுரையும் தண்ணீருமாக வாசல் தாண்டி ஜீப் சக்கரம்வரை ஓடி வந்தது.

"இம்மாந் தண்ணியா அண்ணி நான் கேட்டேன்?" என்றாள் பாப்பா, வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு.

அவர் மண்டையில் ஒரே ஒரு போடோடு நிறுத்திக்கொண்டேனே என்றுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம்.