நாலாவது மாடி அக்கா

தையல்காரிக்கு வயது அறுபத்தெட்டு. மெஷின் மிதித்தே தேய்ந்துபோன முழங்கால்கள். நாலு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் அவளுடைய ஒரே அக்கா தனியாக இருந்தாள். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவள் வாசலைத் தாண்டியதில்லை. அங்கே லிப்ட் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. இரண்டு வருஷமாகப் போனில்தான் பேச்சு. போனில் முகம்கூடத் தெரியும்தான். தெரிந்து என்ன புண்ணியம், பக்கத்தில் உட்கார முடியுமா?

அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. 'இங்கேயே வந்து இருடி' என்று அக்கா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தானாகக் கேட்க இவளுக்கு வாய் வரவில்லை. அக்காவோ வீம்புக்கென்றே பிறந்தவள்.

அக்கா பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவள். தங்கையை நாலு மாடி ஏற வைத்தே தீருவது என்று கிளம்பிவிட்டாள். காலை ஆறு மணிக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டால் அதிகாரம் தூள் பறக்கும்.

"நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போடு. கையை ஊனாம எழுந்திரு. ஊனினியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாதே. நாற்காலி முனகுறது இங்க கேக்குது."

இப்படியே ஏழு மாதம். உட்கார்ந்து எழுந்தாள், குதிகால் தூக்கினாள், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு முழங்காலை இடுப்புவரை உயர்த்தினாள். எட்டு வரை எண்ணிவிட்டு மறுபடி ஏழுக்கு வருவாள் அக்கா, பாவி. வலி பொறுக்காமல் அழுத நாளும் உண்டு. விட்ட நாள் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைப்பிடியைப் பிடித்து, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி, தையல்காரி ஏறியேவிட்டாள். கதவைத் திறந்துபோட்டு வாக்கரோடு நின்றிருந்தாள் அக்கா. பாதியாக இளைத்திருந்தாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். டிரில் டீச்சர் அழுவாள் என்று யார் கண்டது?

சாயங்காலம் தையல்காரி அரை மனசோடு கிளம்பினாள். முதல் படியில் காலை வைத்ததுமே முழங்கால் சுருக்கென்று இழுத்தது. அடுத்த படிக்குக் கால் போகவே மாட்டேன் என்றது. ஏறுவது ஒரு வேலை, இறங்குவது வேறு வேலை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அக்கா, இறங்குறதுக்கு நீ ஒண்ணுமே சொல்லித் தரலையே?"

"ஆமா."

"மறந்துட்டியா?"

அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் டிரில் சொல்லிக் கொடுத்தவடி நான். மறப்பேனா?" என்றாள். "பின் ரூமை ஒழிச்சு வச்சிருக்கேன். இருந்துடேன்."