கொம்பு என்றதும் எழுந்த இஞ்சி

1955 புரட்டாசியில், போடிநாயக்கனூருக்கு மேலே மலைச்சரிவில், முனியாயியின் அரை ஏக்கர் இஞ்சியும் மண்ணைவிட்டு எழுந்து வெளியே உட்கார்ந்துகொண்டது. காரணம், மதுரைக் கல்லூரி ஒன்றில் மொழிநூல் நடத்திய ராஜாராம். எட்டு மாணவர்களைச் சுற்றுலா கூட்டிவந்தவர் அவள் வரப்பில் நின்று, இத்தாலிக்காரன் இஞ்சியை ‘ஜென்ஜெரோ’ என்கிறான், அது ‘கொம்புபோல் இருப்பது’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து போனது, தமிழனும் அங்கேதான் கடன் வாங்கினான் என்று விளக்கினார். அவர் சரிவிறங்கி முடிப்பதற்குள் பயிர் எழுந்துவிட்டது. முற்றாத இஞ்சி, இரண்டு நாள் வெயில் பட்டால் சருகு. முனியாயிக்கு அந்த வருடம் வேறு வெள்ளாமை இல்லை. திரும்பப் புதைத்துப் பார்த்தாள். கையை எடுக்குமுன் வெளியே வந்தது. ஆத்திரத்தோடு ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்றில் மலையிறங்கி, பஸ் நிலையத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்தாள்.

“வாத்தியாரே, நீங்க பாட்டுக்குப் பேசிட்டு வந்துட்டீக, எம் பயிரு வெளிய கெடக்கு. வந்து பேச்சத் திருப்பி எடுங்க.”

“புத்தகத்துல அப்படித்தாம்மா இருக்கு.”

“புத்தகமா வந்து களை எடுத்துச்சு? வெரசா ஏறுங்க ஜீப்புல!”

மாணவர்களோடு வரப்பில் நிறுத்தப்பட்ட ராஜாராம், சொல் போன வழியே இத்தாலியிலிருந்து ஒவ்வொரு படியாகத் திரும்பி இறங்கினார். ‘ஜிங்கிபெர்’ என்று லத்தீனைச் சொன்னதும் இஞ்சி ஒரு விரற்கடை மண்ணுக்குள் போனது. ‘ஜிங்கிபெரிஸ்’ என்ற கிரேக்கத்துக்கு இன்னொரு விரற்கடை. ‘சிங்கிவேர’ என்று பாலி மொழியைச் சொன்னபோது பாதிக்குமேல் உள்ளே. அடுத்து, பழக்கதோஷத்தில், கொம்பு என்றார். மொத்தமும் துள்ளி மேலே வந்தது. ஒரு கிழங்கு அவர் முழங்காலில் மோதியது.

“கொம்பா? எங்க இஞ்சி என்ன மாடா, முட்டுறதுக்கு? இப்பத்தான சிங்கி‘வேரு’ன்னு உங்க வாயால வந்துச்சு? எங்க வீட்டுச் சொல்லுய்யா அது!”

மாணவர்கள் முன்னால் தோற்பதா என்று ராஜாராமுக்கும் கோபம். உச்சிவெயில்வரை வரப்பிலேயே விறைத்து நின்றார். பிறகு தாகம் தாங்காமல், “இஞ்சிவேர்” என்று முனகினார். அரை ஏக்கரும் சத்தமில்லாமல் உள்ளே போனது.

மதுரை திரும்பியவர் பாடத்தை மாற்றவில்லை. மறுவருடமும் வகுப்பில் கொம்பென்றே நடத்த, இங்கே இஞ்சி எழுந்தது. அவரை மறுபடி ஜீப்பில் கொண்டுவர வேண்டியதாயிற்று. மூன்றாம் வருடம் முனியாயி கத்தவில்லை. அந்தப் பாடத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கும்படி எழுதத் தெரிந்த பையனை விட்டு அவருக்கு ஒரு கார்டு போட்டாள். பரீட்சைக்கு அருகில் வருவது மாணவர்களுக்கும் வசதி என்று அவரும் ஒப்புக்கொண்டார். அதிலிருந்து வருடந்தோறும் தையில் மதுரையில் அவர் கொம்பு என்றதும், சரிவில் முற்றிய இஞ்சி கொதித்து எழுந்துவரும். முனியாயி மண்வெட்டி தொடாமல் கூடையில் அள்ளிக்கொள்வாள்.