அண்ணன் பேரில் நடந்த கடை

கே.ஜி.கண்டிகையில் ரூபஸ் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமிருக்காது. அம்மையார்குப்பத்துச் சேலைகள் ஒரு பக்கம், மடித்துக் கவரில் போட்டவை ஒரு பக்கம், நடுவில் டேப்பும் கத்தரிக்கோலுமாக ரூபஸ். தறிக்காரர்களிடம் மொத்தமாக வாங்கி ஆன்லைனில் விற்பது அவன் தொழில். அன்று காலையும் பார்சல்காரர் வாசலில் பைக்கை நிறுத்தி, "ஜெபசிங் சார் பார்சல் ரெடியா?" என்று சத்தமாகக் கேட்டார்.

"ஆங், ரெடி" என்றான் ரூபஸ். ஜெபசிங் அவனுடைய அண்ணன். போன வருஷம் கனகம்மாசத்திரத்துப் பக்கம் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனவர்.

கடையை ஆரம்பித்தது அண்ணன்தான். அவர் போன பிறகும் பான் கார்டு, பேங்க் கணக்கு எதையும் ரூபஸ் மாற்றவில்லை. தன் பேரில் வியாபாரம் நடந்தால் வருமானத்தைச் சொல்ல வேண்டும், சொன்னால் வரி என்று பாதியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். செத்தவரை எந்த ஆபீசர் வந்து கேட்கப் போகிறார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான் அந்த மகராசன்.

பார்சல்காரர் போனதும் அண்ணி ஈவ்லின் பின்கட்டிலிருந்து வந்தாள். ரூபஸுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் அடக்கத்துக்குப் பிறகு வெள்ளைச் சேலையைத் தவிர வேறெதையும் தொடாதவள், கல்யாணப் பட்டில் நின்றாள். தலை நிறைய மல்லி. முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

"இன்னா அண்ணி இது?"

"உங்கண்ணன் வர்ற நேரமாச்சு இல்ல" என்றாள், பால்காரர் வருவதைச் சொல்வது போல.

அண்ணன் ஞாபகமாக அவருடைய பழைய போனை அவள் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். அதை நீட்டினாள். வருமான வரித் துறையிலிருந்து செய்தி வந்திருந்தது. ஜெபசிங் பேரில் இந்த வருஷம் விற்பனை நடந்திருக்கிறது, கணக்கு இன்னும் தாக்கல் ஆகவில்லை என்று.

"கவர்மெண்டே சொல்லுது பாரு, சம்பாரிச்சிகினுதான் இருக்காராம். பொட்டிய ஆஸ்பத்திரியிலயே ஆணி அடிச்சிட்டாங்க. எனக்கு மொகத்த காட்டுனாங்களா? யாரயோ பொதச்சிட்டோம் ரூபஸு. தெனமும் வாசல்ல வந்து அவரு பேர சொல்லி கூப்புடுறாங்களே, எனக்கு எப்பவோ சந்தேகம்."

ரூபஸ் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. "அது ஏதோ தப்பா வந்த மெசேஜ் அண்ணி" என்று மென்று விழுங்கினான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் ஒரு தட்டு கூடுதலாக இருந்தது. ஈவ்லின் அதில் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் ஏதோ பேசிச் சிரித்தாள். நடுநடுவே பேச்சை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டாள், தலையாட்டினாள். ரூபஸுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஊரார் பார்த்திருந்தால் பேய் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள். பேயை ஏவிவிட்டவன் எதிரிலேயே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

மறுநாள் உச்சி வெயிலில் அவளைக் காணோம். தேடிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினான். மலைக்கோயில் ஒலிபெருக்கிப் பாட்டு காற்றில் வந்து வந்து போனது. மற்றபடி ஒரு காக்கைகூட இல்லை. அண்ணனின் தலைமாட்டுச் சிலுவை சாய்ந்து கிடந்தது. ஈவ்லின் மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தாள். பட்டுச் சேலையெல்லாம் செம்மண், நகக்கண்ணில் ரத்தம்.

"வா ரூபஸு, ஒரு கை குடு. உள்ள யாரு கீறாங்கன்னு பாத்துடலாம். பாவம், எந்த வூட்டுப் புள்ளையோ, எம் புருஷன் பேருல கெடக்குறான்."

குழி முழங்கை ஆழத்துக்கு இறங்கியிருந்தது. உள்ளேயிருந்து அண்ணன் தன்னையே பார்ப்பது போலிருந்தது ரூபஸுக்கு. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்! அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு கதறினான்.

"வேணாம் அண்ணி! உள்ள இருக்கிறது அண்ணன்தான். ஆஸ்பத்திரியில அவரு மொகத்த நான் பாத்தேன். விக்கிறது நானு. அந்த மெசேஜ்ல வர்ற ஜெபசிங் நான்தான் அண்ணி. வரிக்குப் பயந்துகினு அவரு பேருலயே நடத்திட்டேன்."

ஈவ்லின் அவனை வெறித்துப் பார்த்தாள். தலைப்பூவைப் பிய்த்துக் குழியில் போட்டாள். பிறகு அந்த வெயிலில் அவள் அழுத அழுகையை அடக்கத்தன்றுகூட யாரும் கேட்டதில்லை. அவளைப் பொறுத்தவரை ஜெபசிங் அன்றைக்கு இரண்டாம் தடவையாகச் செத்தார்.

அந்த வாரமே இருவரும் திருத்தணியில் வரிக்கணக்கு பார்க்கும் சடகோபனிடம் போனார்கள். ரூபஸ் ஒன்றுவிடாமல் சொன்னான். சடகோபன் தலையில் அடித்துக்கொண்டார்.

"வித்த காசு அத்தனையும் வருமானமாப்பா? லாபத்துக்குத்தானே வரி? உன் பேர்ல ஒழுங்கா காட்டியிருந்தா, உன் அளவு வியாபாரத்துக்கு ஒத்த ரூபா வரி வந்திருக்காது. கணக்கத் தாக்கல் பண்ணியிருந்தா போதும். இப்போ செத்தவர் பேர்ல நடத்துனதுக்குப் பதில் சொல்லணும். அபராதம் போட்டா கட்டணும்."

"கட்டிடறேன் சார்" என்றான் ரூபஸ். தலை நிமிரவில்லை.

"ஒத்த ரூபா வந்திருக்காதா?" என்று மெதுவாகக் கேட்டாள் ஈவ்லின். கட்டுப் போட்ட விரல்களை மேசைமேல் வைத்தாள்.

"நல்லா கேட்டுக்கோ ரூபஸு. சம்பாரிச்சத ஒளிச்சா காசு மிச்சம்னு நெனச்சிகினு இருக்கோம். ஆனா அதுக்கான வெலய வேற யாராச்சும் கட்டிகினுதான் இருப்பாங்க. இந்தத் தடவ நான் கட்டிட்டேன். இனிமே உன் ஒழைப்ப உன் பேர்லயே சொல்லு. எம் புருஷன தூங்க வுடு."